வெறும் வயிற்றில் ஒரு காபி

எனக்குச் சர்க்கரை வியாதி என்று கம்பெனி டாக்டர் சொன்னது 1991இல். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. எங்கள் ஊரில் அந்த வயதில் அந்த வியாதி வந்தவர்கள் யாரும் இல்லை. அது உட்கார்ந்து தின்கிற பணக்காரர்களுக்கு வருவது, உனக்கு எப்படி வந்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு தப்பும் செய்யாமலே குற்றவாளி ஆகிவிட முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஹைவே ஓரம் இருந்த ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வல்லக்கோட்டைப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். ஒரு டன் சரக்கைத் தூக்கிக்கொண்டு, இரண்டு அடுக்குக்கு நடுவே இடிக்காமல் கொண்டுபோய் வைத்துவிட்டு வரும்போது எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வரும். வேறு எந்த வேலையிலும் அது வந்ததில்லை. டாக்டர் கைவைத்தது அந்த சீட்டில்தான்.

"உனக்கு வண்டியில தலை சுத்துச்சுன்னா, மேல தூக்கி வெச்ச சரக்கு எவன் தலையில விழும், சொல்லு. ரெண்டு மாசம் டைம் தரேன். வெறும் வயித்துல எடுக்கிற சுகர் நூத்தி நாப்பதுக்குக் கீழ வரணும். வரலைன்னா பேக்கிங் செக்‌ஷனுக்கு எழுதிடுவேன்" என்றார்.

கூடவே சாப்பாட்டையும் பிடுங்கிக்கொண்டார். அரிசி கிடையாது. இட்லி, தோசை, கிழங்கு, வாழைப்பழம் எதுவும் கிடையாது. கோதுமையும் அரிசிக்கு அண்ணன்தான், சப்பாத்தி என்று சொல்லிக்கொண்டு அடுக்கக் கூடாது என்றார். கீரை, முட்டை, மீன், மோர், கோஸ், கொத்தவரங்காய். காபி குடிக்கலாமா என்று கேட்டேன். சர்க்கரை போடாமல் குடி, இல்லாவிட்டால் சாக்கரின் மாத்திரை வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சொந்த நிலத்தில் நெல் விளைகிற வீட்டில் சோறு இல்லை என்றால் எப்படி இருக்கும்? என் மனைவி அன்றைக்கே அரிசிப் பானையை மூடிப் பரணில் ஏற்றினாள். மறுநாளிலிருந்து வீட்டில் உலையே வைக்கவில்லை. பிள்ளைகளைக் குன்றத்தூரில் தன் அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் தங்கிப் படிக்கட்டும் என்று அனுப்பிவிட்டாள். எனக்கு என்ன இலையோ அதுதான் அவளுக்கும். "நீயாச்சும் ரெண்டு வாய் சோறு தின்னேன்" என்றால், "உன் எதிர்க்க குந்திகினு எப்டி மாமா துன்றது" என்பாள். அவள் கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது.  வியாதி எனக்கு, பட்டினி அவளுக்கு.

எங்கள் இரண்டு பேருக்கும் மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் காபி. அவள் குன்றத்தூர்க்காரி, காபி குடித்து வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு பித்தளை ஃபில்டரையும் கொண்டுவந்தாள். டாக்டர் எல்லாவற்றையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட குறைக்கு அந்தக் காபியில் அவள் ஈடு கட்டினாள். பக்கத்து வீட்டு எருமைப் பாலைத் தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சி, பெரிய டம்ளரில் ஊற்றி, சாக்கரின் மாத்திரை ஒன்றைப் போடுவாள். அது மேலே மிதந்து, லேசாக நுரைத்துக் கரையும். முதல் வாய்க்கு இனிப்பாகத்தான் இருக்கும். அப்புறம் நாக்கின் அடியில் ஒரு கசப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். சர்க்கரை சாப்பிடாமல் இனிப்பை மட்டும் அனுபவிக்கிறோமே, இதற்கும் ஏதாவது தண்டனை இருக்குமோ என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் ஒரு சொட்டு மிச்சம் வைத்ததில்லை.

முதல் மாதம் முடிந்து ரத்தம் கொடுக்கிற நாள் வந்தது. வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் மாலையோடு வாயைக் கட்டினேன். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்ததும் அவள் டம்ளரை நீட்டினாள், நான் குடித்தேன். இதில் எங்கள் இருவருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் வெறும் வயிறு என்றால் டிபன் சாப்பிடாத வயிறு. காபியை யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்தார்கள்? கோயிலுக்கு விரதம் இருக்கிறவர்களே காபி குடித்துவிட்டுத்தான் விரதம் இருப்பார்கள். ஊசி குத்துகிறவர் "எதுவும் சாப்பிடலயே?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றேன். வாயில் காபி வாசனை இருந்திருக்கும்.

மறுநாள் ரிசல்ட் வந்தது. நூற்று அறுபத்தெட்டு.

 உடனே வல்லக்கோட்டை ஞாபகம் வந்தது. கிருத்திகை அன்று கோயிலில் ஒரு வாய் சர்க்கரைப் பொங்கலை வாங்கி, பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு சாப்பிட்டிருந்தேன். அது நடந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்த ஒரு வாய்தான் இப்போது வந்து நிற்கிறது என்று நம்பினேன். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அவள் தன் பங்குக்கு வேறு ஒன்றைப் பிடித்தாள். எருமைக்காரப் பக்கத்து வீட்டம்மா, "அந்த மாத்திரதான்டி சுகர ஏத்துது. சக்கரைய விட அவ்ளோ இனிப்பு கீதுன்னா சும்மா இருக்குமா?" என்று சொல்லியிருக்கிறாள். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. சாக்கரின் பாட்டில் குப்பைக்குப் போயிற்று. இனிப்பே இல்லாத காபி எனக்கு வேப்பெண்ணெய் மாதிரி இருக்குமே என்று, கசப்புத் தெரியாமல் இருக்க அவள் டிகாஷனைக் குறைத்துப் பாலைக் கூட்டினாள். மேலாக ஒரு கரண்டி ஏடும் போட்டாள்.

இரண்டாவது மாதம் நூற்று எழுபத்தைந்து.

டாக்டர் சொன்னபடி எழுதிவிட்டார். அந்த வாரமே என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. ஃபோர்க்லிஃப்டில் எனக்குப் பதிலாக இன்னொருவன் வந்து உட்கார்ந்தான், அவன் பேரில் நிரந்தரமாக ஆர்டரும் போட்டார்கள். நான் டேப் ஒட்டின பெட்டியை அவன் வந்து தூக்கிக்கொண்டு போவான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மூன்றாவது மாதம் மறுபடி ரத்தம் கொடுக்கப் போனேன். இந்தத் தடவை டாக்டர் என் எடையைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆறு கிலோ குறைஞ்சிருக்க. ஒழுங்கா இருக்கறவன் மாதிரிதான் தெரியுது. அப்புறம் ஏன் சுகர் மட்டும் குறையல? இன்னிக்குக் காலையில இருந்து என்ன சாப்பிட்ட?"

"எதுவும் இல்ல சார். காபி மட்டும்தான்."

"பால் ஊத்தியா?"

"ஆமா சார். எருமைப் பால்."

 கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. பாலில் அதற்கென்று ஒரு சர்க்கரை இருக்கிறது, பெரிய டம்ளர் என்றால் அது போதும், சிலருக்கு வெறும் காபியேகூட ஏற்றும் என்றார். சாக்கரின் பாட்டிலைக் குப்பையில் போட்டதைச் சொன்னேன். மாத்திரை பாவம், அது ஒன்றும் செய்யவில்லை என்றார். "நாளைக்கு வா. தண்ணி தவிர எதுவும் குடிக்காத." தானும் முதல் மாதமே கேட்டிருக்க வேண்டும் என்று முணுமுணுத்தார்.

அந்த நிமிஷம் எனக்கு சீட்டு ஞாபகம் வரவில்லை. டம்ளரை நீட்டுகிற அவள் கைதான் ஞாபகம் வந்தது. இது அவளுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள். சோறில்லாமல் எனக்காகக் காய்ந்தவள், தன் கையாலேயே என் வேலையைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தால் என்ன ஆவாள்?

மறுநாள் காலையில் வயிறு சரியில்லை, காபி வேண்டாம் என்றேன். காபியை வேண்டாம் என்கிற என்னை அவள் அதிசயமாகப் பார்த்தாள். ரத்தம் கொடுத்தேன். நூற்று இருபத்தாறு வந்தது. டாக்டர் மறுபடி எழுதித் தருகிறேன் என்றார். சூப்பர்வைசர் "ஆள் போட்டாச்சேப்பா, இப்போ வந்து சொன்னா எப்படி?" என்று கையை விரித்தார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

வீட்டுக்கு வந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டாள். பொய்யை வழியிலேயே பஸ்ஸில் தயாரித்து வைத்திருந்தேன்.

"கொறயல. இனிமே மறச்சி இன்னா பண்றது? கேன்டீன்ல தெனமும் சாம்பார் சாதம் துன்னுகினு இருந்தேன்."

அவள் நறுக்கிக்கொண்டிருந்த கொத்தவரங்காயைக் கீழே வைத்தாள். பிறகு ஆரம்பித்தாள். "நான் இங்க ஒல வெக்காம கெடக்குறேன். நீ அங்க வயிறு முட்டத் துன்னுகினு கீறியா? உனுக்கு வெக்கமா இல்ல?" என்றாள். இல்லாத சோற்றுக்கு வாங்கின திட்டு அது. ஆனாலும் வாங்க வேண்டியதைத்தான் வாங்குகிறேன் என்று எனக்குள் ஏதோ ஒன்று சொன்னது. அன்று மாலை அவள் தனக்கு மட்டும் சோறு பொங்கிச் சாப்பிட்டாள். எத்தனையோ நாளுக்கு அப்புறம் அவள் வயிறாரச் சாப்பிட்டதைப் பார்த்து, பொய் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

திட்டு ஒரு நாளோடு நிற்கவில்லை. பிள்ளைகளைக் கொண்டுவந்து விட அவள் அண்ணன் வந்தபோது, அவர் எதிரிலேயே, நாக்கைக் கட்டத் தெரியாத மனுஷன், ஒரு கவளம் சோத்துக்கு வேலையைத் தொலைத்த மனுஷன் என்று பேசினாள். மச்சான் என்னைப் பார்க்க முடியாமல் கூரையைப் பார்த்தார். நான் ஆமாம் என்பது போல உட்கார்ந்திருந்தேன். அவரும் போகிறபோது எனக்கு நாலு புத்தி சொல்லிவிட்டுத்தான் போனார்.

பேக்கிங்கில் என்னோடு வேலை செய்த பையன் ஒருவன் எங்கள் ஊர்க்காரன். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவனிடம் அவள், "தம்பி, இவர கொஞ்சம் கவனிச்சிக்கோ. கேன்டீன் பக்கம் போனா எனுக்கு வந்து சொல்லு" என்றாள்.

அவன் சிரித்தான். நான் கண்ணால் காட்டியதை அவன் பார்க்கவில்லை.

"இன்னா அண்ணி நீங்க. அண்ணன் கேன்டீன் வாசலக்கூட மிதிச்சதில்ல. சாம்பார் வாசன வந்தா மனசு மாறிடும்னு சைக்கிள் ஸ்டாண்டுல போய் குந்திகினு நீங்க குடுத்த கேரியரத்தான் துன்னுவாரு. நாங்க எவ்ளோ கிண்டல் பண்ணியிருக்கோம்."

 அவன் போனதும் அவள் என் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு வயிறு சரியில்லன்னு காபி வேணாம்னியே. அன்னிக்கு ரத்தம் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"எவ்ளோ வந்துச்சு?"

சொன்னேன். டாக்டர் பாலைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். இதில் உன் தப்பு எதுவும் இல்லை, எனக்கும்தான் தெரியவில்லை, வாங்கிக் குடித்தது நான்தானே என்றும் சொன்னேன்.

"அத்த உடு மாமா. காபி தெரியாம குடுத்தது. அதுக்கு ஒரு நா அழுதுட்டு உட்டிருப்பேன். எங்க அண்ணன் எதிர்க்க வெச்சி உன்ன நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேனே, அது தெரிஞ்சி கேட்டது. நீ குந்திகினு கேட்டுகினே இருந்தியே. ஒரு தப்பும் பண்ணாதவனயா அப்டி பேசினேன்? நீ ஏன் மாமா என்ன பேச உட்ட?"

 அவளை ஒரு பாரத்திலிருந்து காப்பாற்றிவிட்டதாக அத்தனை நாளும் எனக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது. அது அன்றைக்குப் போனது.

மறுநாள் காலை பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, அண்ணனைப் பார்த்து நடந்ததைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று குன்றத்தூருக்குக் கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம், நீ வந்தால் மறுபடியும் பழியை உன் மேல் போட்டுக்கொள்வாய் என்று சொல்லிவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினாள்.