சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் இருந்த பச்சை

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பெயின்ட் கடையில் கலர் கலக்கும் வேலை. கடையில் அவருக்குக் ‘குறைச்சல்’ என்று பட்டப்பெயர். யார் என்ன நிறம் கேட்டாலும் பெரும்பாலும் ஒரு மாற்று குறைத்துத்தான் கலப்பார். கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம், அது அவருடைய தொழில் நம்பிக்கை.

யாராவது வந்து, “பழைய வீட்ல ஒரு பக்கம் காரை பேந்துடுச்சு, அதே நீலம் வேணும்” என்பார்கள். சுரண்டி எடுத்த துண்டு ஒன்றும் கையில் இருக்காது. அத்தான் ஒரே கேள்விதான் கேட்பார்: “கடைசியா எப்ப பாத்தீங்க?” காலையில் பார்த்தவர் என்றால் சொன்னபடியே கலப்பார். போன வருஷம் பார்த்தவர் என்றால் சாயத்தைக் குறைப்பார். சின்ன வயதில் பார்த்தது என்றால் பாதிக்குப் பாதி வெட்டிவிடுவார்.

“நாளாக ஆகக் கலர் போயிடும்மா. நீலம்கிற பேரு மட்டும் நிக்கும். அப்புறம் அந்தப் பேருக்கு ஏத்த மாதிரி அவங்களே மனசுக்குள்ள சாயம் ஊத்திக்குவாங்க” என்று என்னிடம் சொல்வார். ஆட்கள் மூக்கால் அழுதுகொண்டே வாங்கிப் போவார்கள். அடித்துக் காய்ந்த பிறகு யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை.

அக்கா போய்ச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகிறது. அப்பா மனசு மாறட்டும் என்று அவர்கள் மகன் அப்போதே படுக்கையறைக்கு வெள்ளை அடித்துவிட்டான். அதற்கு முன் அங்கே இருந்தது ஒரு பச்சை. அத்தான் கலந்து கொண்டுவர, அக்கா அது நொட்டை இது நொள்ளை என்று திருப்பி அனுப்பி, கடைசியில் போனால் போகிறது என்று ஒப்புக்கொண்ட பச்சை. வெள்ளை அடித்ததில் அத்தானின் மனசு ஒன்றும் மாறவில்லை. பேச்சுதான் மாறியது.

“அவ ஒருநாளும் குரல ஒசத்திப் பேசினதில்ல” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். எங்கள் அக்காவா? அவள் கத்தினால் எதிர்வீட்டு நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போகும். அத்தானை நோக்கி டம்ளர் பறந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் குனிந்துவிட்டார், சுவர்க் கடிகாரத்தால் குனிய முடியவில்லை. துக்கத்தில் பேசுகிறார் என்று முதலில் விட்டேன். போகப் போக எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் புகழ்கிற அந்த அமைதியான பெண்மணி யாரென்றே எனக்குத் தெரியாது. என்னோடு பிறந்தவளைக் காணவில்லை, அவள் எனக்கு வேண்டும்.

மகன் மாற்றலாகி வெளியூர் போனதும் அத்தான் அந்தப் பச்சையைத் திரும்ப அடிக்கக் கிளம்பினார். கூடமாட ஒத்தாசைக்கு என்னைக் கூப்பிட்டார். பெயின்ட் வாளியைத் திறந்ததும் எனக்குக் கண் கூசியது.

“இதா அத்தான்?”

“இதேதான். நான் கலந்தது எனக்குத் தெரியாதா?”

“கடைசியா எப்ப பாத்தீங்க?”

முறைத்தார். “கடைக்கு வர்றவங்களும் நானும் ஒண்ணா?”

சுவிட்ச் போர்டைச் சுற்றி வளைத்து அடிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மெயினை அணைத்து, போர்டைக் கழற்றிவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுவார். மகன் பிடித்துவந்த பெயின்டருக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை போலிருக்கிறது. போர்டு வெளியே வந்ததும், அதன் பின்னால் கையகலச் சுவர் வெள்ளை படாமல் பழைய பச்சையாகவே இருந்தது.

சாம்பல் பூத்த பச்சை. அழுக்குப் பச்சை என்றே சொல்லலாம். “அழுக்குத் தெரியாத கலரா இருக்கணும்” என்று அக்கா நச்சரித்து வாங்கியதல்லவா?

அத்தான் புதுப் பெயின்டை அதன் பக்கத்தில் ஒரு தீற்று தீற்றி, பழைய பேப்பரால் விசிறிக் காயவைத்தார். காய்ந்த பிறகும் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார். கையிலிருந்த பிரஷ்ஷை, பார்க்காமலே, மெத்தை மேல் வைத்தார்.

“எல்லாருக்கும் கொறச்சேன். எனக்கு மட்டும் ஏத்திட்டேன்” என்றார். பிறகு, “அப்ப அவளையும் மனசுல இப்படித்தான் வெச்சிருக்கேனா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

“ஆமா.”

“கத்துவாளா?”

“கத்துவா.”

“என்னன்னு?”

மெத்தையில் பச்சை ஊறிக்கொண்டிருந்தது. நான் இடுப்பில் கையை வைத்தேன். “ஈர பிரஷ்ஷ மெத்தை மேல வைக்கிறீங்களே, அறிவு இருக்கா? இது வீடா, உங்க கடையா? உங்களக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு குட்டிச்சுவத்தக் கட்டிக்கிட்டிருந்தா நிழலாவது கெடச்சிருக்கும்!”

வார்த்தை அத்தனையும் அக்காவுடையதுதானா, பாதி என்னுடையதா என்று எனக்கே நிச்சயமில்லை. எதிர்வீட்டு நாய் மட்டும் எழுந்து நின்றது.

அத்தான் பிரஷ்ஷை எடுக்கவில்லை. சுவிட்ச் போர்டு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

“சத்தம் பத்தலம்மா” என்றார். “அவ இன்னும் சத்தமாக் கத்துவா.”