தலைமன்னார்க் கடலில் ஒரு பிடிக் கொழுந்து

கடல் பார்க்கத்தான் பொகவந்தலாவையிலிருந்து தலைமன்னார் போனோம். மணல்திட்டுகள், கலங்கரை விளக்கம், இடிந்த பழைய இறங்குதுறை, அதற்கப்பால் கண்கொள்ளாத நீலம். எனக்குப் படமெடுக்கும் அவசரம்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் மனைவி கேட்டாள்: “அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க இந்தியாவுலருந்து கடல் தாண்டி வந்து எறங்குனது இங்கதானாங்க?”

“ஆமா. இங்கயிருந்து காட்டு வழியா மலைத் தோட்டங்களுக்கு நடந்தாங்க. நெறைய பேரு வழியிலேயே செத்துப் போயிட்டாங்க.”

அவள் செருப்பைக் கழற்றினாள். முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த வாடிய கொழுந்தைக் கையில் எடுத்தாள். காலையில் முதல் பிடியைக் கூடையில் போடும்போது விளைச்சல் பெருகச் சொல்வதைப் போலவே, “பொலி, பொலி” என்று சொல்லிக் கடலில் போட்டாள்.

நானும் செருப்பைக் கழற்றினேன்.

மலைக்கு வந்து சேராதவர்களுக்கு அன்றுதான் முதல் கொழுந்து போய்ச் சேர்ந்தது.