இடிமாறனின் இடது கால்

தாம்பரத்தில் படப்பைப் பேருந்தின் படிக்கட்டுக்கு எதிரே, இடது காலை அந்தரத்தில் தூக்கியபடி லாசரஸ் நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். "யோவ் பெர்சு, இன்னா கொக்காட்டம் நிக்கிற? ஏறுறியா, விசில் குடுக்கவா?" என்கிறார் நடத்துநர். கால் அசையவில்லை. மனைவி தபீதாள் சாப்பாட்டுத் தூக்கை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, கணவரின் சட்டைக் கையை ஒரு முறை இழுக்கிறார். கால் படியில் இறங்குகிறது. பேருந்து கிளம்புகிறது.

"பழகிப்போச்சு சார். இழுப்பு வந்தாத்தான் கால் எறங்கும்" என்பார் லாசரஸ், கேட்டால்.

இந்தக் காலைச் சாமானியமாக எண்ணிவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தொலைக்காட்சியில் உலகத்தைக் காப்பாற்றிவருவது இதுதான். நூற்றிருபது அடி உயர இயந்திர வீரன் இடிமாறனுக்குள் இருப்பவர் லாசரஸ். தொடரின் நாயகன் நெற்றிப்பொட்டில் இரண்டு விரலை வைத்து மனத்தால் நினைப்பான். இடிமாறன் நடப்பான், உதைப்பான், வேற்றுக்கிரகவாசிகளை மிதிப்பான். அது எந்த விசையில் இயங்குகிறது என்று கேட்டு மாவட்டவாரியாகப் பிள்ளைகள் அஞ்சலட்டை போடுகிறார்கள். வெளியிட்டால் தேசப் பாதுகாப்புக்கு ஊறு வராது என்பதால் சொல்லிவிடுகிறேன்: பத்து மீட்டர் நைலான் கொடிக்கயிறு. மறுமுனையில் தபீதாள்.

வாரத்தில் ஐந்து நாள் லாசரஸ் மேடவாக்கம் அடுக்குமாடிகளில் தண்ணீர் கேன் போடுகிறார். லிஃப்ட் நின்றுபோன ஒரு நாளில் தோளுக்கு ஒன்றாக இரண்டு கேனுடன் நான்காம் மாடிக்கு அவர் ஏறியதை, அங்கே குடியிருந்த இயக்குநர் குப்புராஜ் பார்த்தார். இந்திய விஞ்ஞானம் அந்தப் படிக்கட்டில்தான் அடுத்த கட்டத்துக்குப் போனது.

இடிமாறனின் எடை முப்பத்தெட்டு கிலோ. உடம்பு ஃபைபர். முழங்கை, வாஷிங் மெஷின் குழாய். முதுகில் எட்டு போல்ட்டு. மூடவும் திறக்கவும் ஸ்பேனரோடு பத்து நிமிடம் ஆகும். உள்ளே இருப்பவர் வெந்துபோகாமலிருக்கப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய இரண்டு விசிறிகள் காதோரம் இரைகின்றன. வெளியே இடி விழுந்தாலும் இடிமாறனுக்குக் கேட்காது. மார்பில் உள்ள பிளவு வழியே எதிர்ச்சுவர் மட்டும் தெரியும், காலடி தெரியாது. படப்பிடிப்பு தொடங்கிய முதல் மாதமே வில்லன் சுந்தர்சிங்கின் சுண்டுவிரல் நசுங்கியது. அன்று தபீதாள் வீட்டுக் கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார். ஒரு முனை லாசரஸின் மணிக்கட்டில். கயிறு உடம்போடு இறங்கி, வலது குதிகால் ஓட்டை வழியே வெளியே வரும். ஒரு இழுப்பு: தூக்கிய காலை முன்னால் வை. இரண்டு இழுப்பு: பின்னால் வை. இழுப்பே வராவிட்டால்?

"எமனே வந்து சொன்னாலும் வெக்க மாட்டேன் சார்."

அதற்கும் ஒரு வெள்ளிக்கிழமை வாய்த்தது. படப்பைக் கொட்டகையில் பதினோரு நாள் உழைத்து ஒரு தெர்மகோல் நகரம் கட்டியிருந்தார்கள். நகரத்தின் நடுவே நாயகன் ஸ்ரீரங்கன் மல்லாந்து கிடந்தார். கைகால்களை நிஜச் சங்கிலியால் தரையோடு பூட்டியிருந்தார்கள். யதார்த்தத்தில் குப்புராஜுக்குப் பிடிவாதம் அதிகம். கதைப்படி வில்லன் இடிமாறனின் மூளையைப் பிடித்துவிட்டான். ஆகவே இடிமாறன் ஒன்பது அடி நடந்துவந்து, பத்தாவது அடியை நாயகனின் மார்புக்கு மேல் தூக்கி, அப்படியே நிற்க வேண்டும். தபீதாள் இரண்டு முறை இழுப்பார். கால் பின்னால் போகும்.

ஒன்பது அடி நடந்தார். பத்தாவது அடிக்கு இடது கால் உயர்ந்தது. நின்றது. "சூப்பர்! கட்!" என்று கத்தினார் குப்புராஜ். தபீதாள் இழுத்தார். கயிறு வரவில்லை.

கேமராவுக்குக் கயிறு தெரியக் கூடாது என்று, போல்ட்டு மாட்டிய பிறகு யாரோ அதை ஒரு தெர்மகோல் வங்கிக்கு அடியில் செருகி, கட்டடம் சாயாமலிருக்க மேலே ஒரு செங்கல்லையும் வைத்திருக்கிறார்கள். ஒன்பது அடி வரை வழுக்கிக்கொண்டு வந்த கயிறு, பத்தாவதில் செங்கல்லுக்கு அடியில் இறுகிவிட்டது.

"இழும்மா! பலமா இழு!" என்றார் குப்புராஜ்.

தபீதாள் இழுக்கவில்லை. "ரெண்டுல ஒண்ணு சிக்கி ஒண்ணு போச்சுன்னா இன்னா ஆவும்? முன்னால வெப்பாரு சார்! அந்தப் புள்ள நெஞ்சு மேல வெப்பாரு!"

ஸ்ரீரங்கனின் மார்புக்கு ஒரு சாண் மேலே, ஆறு கிலோ பூட்ஸ் லேசாக ஆடத் தொடங்கியது. அதற்குப் பின்னால் எண்பது கிலோ லாசரஸும் முப்பத்தெட்டு கிலோ இடிமாறனும் இருந்தார்கள். "அண்ணா... லாசரஸ் அண்ணா..." என்றார் ஸ்ரீரங்கன், கோயிலில் பேசுவதுபோல். நெற்றிப்பொட்டில் விரல் வைக்கக் கை இல்லாததால் மனோசக்தியும் அன்று விடுப்பில் இருந்தது. ஒருவர் சங்கிலிச் சாவியைத் தேடி ஓடினார். "யாரும் அவரத் தொடாதீங்க! சாஞ்சிரப் போறாரு!" என்றார் இன்னொருவர். பூட்ஸ் இப்போது நன்றாகவே ஆடியது. ஒரு சாண் அரைச் சாண் ஆனது. மறுபடி ஒரு சாண் ஆனது.

தபீதாள் கயிற்றைக் கீழே போட்டார். புடவையை இழுத்துச் செருகினார். நகரத்துக்குள் நுழைந்தார். முதல் அடியில் ரயில் நிலையம் போயிற்று. அடுத்த அடியில் இரண்டு அடுக்குமாடிகள். "அம்மா! செட்டும்மா!" என்று குப்புராஜ் அலறியபோது நீதிமன்றம் தரைமட்டம். வேற்றுக்கிரகவாசிகள் நாற்பது வாரமாக முயன்றும் முடியாததை ஐந்தே எட்டில் முடித்துவிட்டு, இடிமாறனின் வலது குதிகாலருகே குப்புற விழுந்து, கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஒன்று. இரண்டு.

கால் பின்னால் போய் இறங்கியது.

எட்டு போல்ட்டும் கழன்றபின் லாசரஸ் உயிரோடு வெளியே வந்தார். பைபிளில் கல்லறையிலிருந்தே எழுந்து வந்த பெயர்; அதற்கு இது புதிதல்ல. விவரம் முழுவதையும் கேட்டுக்கொண்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். சங்கிலி அவிழ்ந்த ஸ்ரீரங்கன் மார்பைத் தடவியபடி, "எப்படிண்ணா அவ்வளவு நேரம் நின்னீங்க?" என்று கேட்டார்.

"இழுப்பு வரல தம்பி."

இடிந்த நகரத்தின் ஓரத்தில் தபீதாள் உட்கார்ந்திருந்தார். தலையெல்லாம் தெர்மகோல் பொடி. "நான் ஒருத்தி இல்லன்னா இன்னாய்யா பண்ணியிருப்ப? நாள் பூரா ஒத்தக் கால்லயே நிப்பியா? இனிமே அந்தக் கயித்தத் தொட்டேன்னா கேளு."

லாசரஸ் அவரை நோக்கி வரக் கிளம்பினார். நான்கு அடி வந்தவர், ஐந்தாவதற்குத் தூக்கிய இடது காலை வைக்காமல் நின்றார். கயிறு இல்லாத வெறும் மணிக்கட்டை நீட்டினார்.

தபீதாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் இந்தப் பக்கம் நீட்டி, ஒரு முறை இழுத்தார்.