ஏரிக்கரைக் குடிலில் விறகு இல்லை

பின்லாந்தின் வடகோடியில் கலைமான் மேய்க்கும் ரைலிக்கு ஐம்பத்தெட்டு வயது. மான்களின் பிடிவாதத்தையும் கணவன் என்சியோவின் குறட்டையையும் பொறுத்துக்கொள்வாள். தனிமை தேடித் தெற்கிலிருந்து வருகிறவர்களைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒருவன் ஓட்டப்பந்தயக் காலணியோடு வந்தான். ஒருத்தி வரைபடமே இல்லாமல் வந்தாள். இருவரையும் தன் பனிவண்டியில் போட்டு மீட்டுவந்தவள் ரைலிதான்.

"அமைதி வேணும்னா வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு உக்கார வேண்டியதுதானே? எங்க தலையில ஏன் வந்து விழறாங்க?" என்று கடையில் புலம்புவாள்.

"அவங்க வரலைன்னா நீ யாரைத் திட்டுவே? பாவம் என்சியோ!" என்பாள் கடைக்காரி ஐலா.

அந்த ஜனவரியில் மந்தையிலிருந்து பிரிந்த மான்களைத் தேடி ரைலி ஏரியைக் கடந்துகொண்டிருந்தாள். பனிக்கட்டிக்கு மேலே, வெண்பனிக்கு அடியில் தண்ணீர் ஊறிக் கிடந்தது வெளியே தெரியவில்லை. வண்டி அதில் சிக்கிக்கொண்டது. இறங்கித் தள்ளியவளின் இரண்டு காலணிகளிலும் தண்ணீர் நிறைந்துவிட்டது. குளிரோ மைனஸ் முப்பது.

அவள் பதறவில்லை. கரையில் பொதுக்குடில் இருந்தது. அதற்குப் பூட்டு கிடையாது. தங்கிவிட்டுப் போகிறவர் அடுத்து வருகிறவருக்காக அடுப்பருகே காய்ந்த விறகைப் பிளந்து வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். அந்தக் காட்டில் அதை மீறியவர் இல்லை. குடில் பக்கத்தில்தானே என்று ரைலி கோடரியோ மாற்றுக் காலுறையோ எடுத்துவந்திருக்கவில்லை.

கதவைத் திறந்தாள். உள்ளே புகை நாற்றம். தூக்கப்பைக்குள் ஓர் இளைஞன் நடுங்கிக்கொண்டிருந்தான். அடுப்பு செத்துக் கிடந்தது.

"விறகு எங்கே?"

"தீர்ந்துபோச்சுங்க. வெளிய பச்சைமரம் வெட்டிப் பாத்தேன், எரியல. கோடரிக் காம்பும் உடைஞ்சுபோச்சு."

"போன் பண்ணலையா?"

"போனை ஹெல்சிங்கியிலேயே வச்சிட்டு வந்தேன். யார் தொந்தரவும் இருக்கக் கூடாதுன்னு..." அவன் பெயர் தோபியாஸ்.

"நல்லா இருக்கு! இப்ப நான் வந்து தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கோ." காலணியைக் கழற்றினாள். கால்விரல்கள் மெழுகுபோல வெளுத்திருந்தன. தொட்டாள், தொட்டதே தெரியவில்லை. விரல் போனால் மந்தையின் பின்னால் ஓட முடியாது. மந்தை இல்லாமல் அவளுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

"அந்தக் கட்டில் பலகையை உடைடா."

"அது அரசாங்கச் சொத்துங்க."

"என் கால் யார் சொத்து? உடை!"

அவன் ஏறி மிதித்தான். பலகை முறிந்தது. ரைலி கத்தியால் சிராய் சீவித் தீ மூட்டினாள். அடுப்பு சூடாகவும் ஊரிலிருந்து ஆள் வரவும் நேரம் பிடிக்கும். அதுவரை விரல்கள் காத்திருக்காது.

"சட்டையைத் தூக்கு."

"என்னது?"

"வயித்துல காலை வைக்கணும். வெட்கப்படாதே தம்பி, எனக்கும் இது ஒண்ணும் தேன்நிலவு இல்ல."

அந்த இரண்டு பனிக்கட்டிகளும் வயிற்றில் பட்டதும் தோபியாஸ் அலறினான். ஆனால் நகரவில்லை. பல்லைக் கடித்து, இரண்டு கைகளாலும் அவள் பாதங்களை அணைத்துக்கொண்டான். மனித முகமே வேண்டாம் என்று வந்தவன்.

"முட்டாள்," என்றாள். "விறகை எரிக்கத் தெரிஞ்சவனுக்கு நாலு கட்டை பிளந்து வைக்கத் தெரியாதா?"

"தெரியாதுங்க. நீங்க ஏன் கோடரி கொண்டுவரல?"

அவன் கேட்டது நியாயம்தான். அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

பலகைகள் சடசடத்து எரிந்தன. இருட்டத் தொடங்கியபோது கட்டைவிரலில் ஊசி குத்தியது போலிருந்தது. பிறகு உயிர் திரும்பிய பத்து விரல்களிலும் நெருப்பு. ரைலி கத்தினாள், தோபியாஸை, ஹெல்சிங்கியை, ஏரியை, தன்னையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி ஏசினாள்.

அவன் பயந்து கையை எடுத்தான். "வலிக்குதா? விட்டுடவா?"

"விட்டே, கொன்னுடுவேன்! வலிக்கட்டும்டா, நல்லா வலிக்கட்டும்!"