கரட்டுமேடு பிரிவில் ஒரு ஆள்

சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. மேசை முழுக்கச் சட்டைப் பட்டன்கள். கறுப்பு மதுரைக்கு, நீலம் தேனிக்கு, வெள்ளை திருநெல்வேலிக்கு. உடைந்த சிவப்பெல்லாம் பக்கத்து ஊர் டவுன் பஸ்கள். இந்துமதி நின்றபடியே குனிந்து ஒரு நீலத்தை ஓரத்துக்குத் தள்ளுகிறார், யோசிக்கிறார், பழைய இடத்துக்கே இழுக்கிறார். கணவர் தங்கதுரை வீட்டின் பின்கட்டில் துணி தைக்கும் பவர் டேபிள் யூனிட் வைத்திருக்கிறார்; பட்டன்கள் அங்கே கழித்துப் போட்டவை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் கேட்கிறார்: "ஏனம்மிணி, சோறு போடறயா, இல்ல பஸ்ஸெல்லாம் உட்டுட்டுத்தான் வருவயா?"

"சித்த இருங்க. தேனிக்காரங்க ரோட்டுல நிக்கறாங்க."

ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஆனால் அவர் சொன்ன விதத்தில் தங்கதுரை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டார்.

அரசு போக்குவரத்து அலுவலகத்தின் மாடியில், பழைய டயர் வாசம் ஏறிவரும் ஒரு நீள அறையில் இந்துமதிக்கு வேலை. எந்த ஊருக்கு எந்த நேரத்தில் எத்தனை வண்டி, எதை நிறுத்துவது, எதைப் புதிதாக விடுவது என்று திட்டம் போடுகிற பிரிவு அது. தீபாவளிக்கு முந்தைய நாட்களில் திருப்பூரைக் காலி செய்வதும், பிறகு அதை நிரப்புவதும் அவர் வேலையில் பாதி. பண்டிகைக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பனியன் கம்பெனித் தெருக்களைச் சுற்றிவருவது அவருடைய வழக்கம். மெஷின் சத்தம் இல்லாத தெரு, ஷட்டர் இறங்கிய பேக்கரி, கொடியில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு துண்டு. "நெம்ப நல்லாப் பண்ணீட்டனாட்ட இருக்குதுங்க. ஒரு ஆளு இல்ல பாருங்க" என்பார். பெருமையா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

பயமும் உண்டு. போனவர்கள் எண்ணிக்கையும் திரும்பியவர்கள் எண்ணிக்கையும் எந்த வருடமும் பொருந்தியதில்லை. திரும்பியவர்கள் எப்போதும் குறைவு. ரயிலில் வந்திருப்பார்கள், தனியார் வண்டியில் வந்திருப்பார்கள், கோயம்புத்தூரில் வேலை மாறியிருப்பார்கள் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். இந்துமதியும் அதையேதான் சொல்வார். சொல்லிவிட்டு, "இருந்தாலும், எங்கீங்க போயிருப்பாங்க?" என்று சேர்த்துக்கொள்வார்.

பஸ் ஸ்டாண்டில் அவர் முகம் பார்ப்பதில்லை, பை பார்ப்பார். கட்டைப்பை என்றால் பக்கத்து ஊர். ஜிப் உடைந்து கயிறு கட்டிய பெட்டி என்றால் தெற்கே. பல முறை தப்பாகவும் போயிருக்கிறது. அனுப்பர்பாளையத்தில் தினமும் காலையில் பெருங்கூட்டம் நிற்பதைப் பார்த்துப் புதிதாக ஒரு வண்டி விட்டார். அவர்கள் எல்லோரும் கம்பெனி வேனுக்கு நின்றவர்கள். வண்டி அவர்களைக் கடந்து காலியாகவே போய்க்கொண்டிருந்தது. "வேனுக்கு நின்ன சனத்துக்குப் பஸ் உட்ட மேடம்" என்று டிப்போவில் இன்றைக்கும் பேச்சு. அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சிரிப்பார்.

பயணி என்ற சொல்லை இந்துமதி பேச்சில் பயன்படுத்துவதில்லை. ஆள்தான். ஆயிரம் ஆள், ஐந்நூறு ஆள். அந்த ஆயிரங்களில் ஒருவரைக்கூட அவருக்குத் தெரியாது. ஒரே ஒரு ஆளைத் தவிர.

காட்டுவலசிலிருந்து திருப்பூருக்கு மத்தியானம் திரும்பும் டவுன் பஸ்ஸில் கரட்டுமேடு பிரிவு என்ற நிறுத்தத்தில் தினமும் ஒரு பெண் ஏறுகிறாள். பெண்களுக்கான கட்டணமில்லா டிக்கெட் ஒன்று, தவறாமல். அந்த வேளையில் காட்டுவலசில் ஏறுவதற்கு யாரும் இருப்பதில்லை. பாதி வழியில் நால்ரோடு வரும்வரை வண்டியில் அவள் மட்டும்தான். நால்ரோட்டிலிருந்து கூட்டம் ஏறும், ஆனால் அங்கே வேறு வண்டிகளும் உண்டு. ஆக, அந்த டிரிப் ஓடுவது அவளுக்காக.

விசித்திரம் என்னவென்றால், கரட்டுமேட்டில் அவள் இறங்கியதாக எந்த வண்டியிலும் கணக்கு இல்லை. தினமும் போகிறாள், ஒரு நாளும் திரும்பவில்லை. இந்துமதி இதற்கும் விடை வைத்திருந்தார். "ரெண்டாம் சிப்டுக்குப் போற புள்ளைங்க. ராத்திரி கம்பெனி வேன்ல வந்து எறங்கிக்கும்." திருப்பூரில் அப்படிப் போய்வருகிற பெண்கள் எத்தனையோ பேர். யாரும் மறுக்கவில்லை. நாளாவட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு வயது வந்தது, ஒரு டிபன் கேரியர் வந்தது. மழை பிடித்தால் இந்துமதி ஜன்னலைப் பார்த்து, "கரட்டுமேட்டுல நிழக்கொடகூட இல்லீங்களே" என்பார்.

இந்த வருடம் ராஜபாளையத்துக்குப் புதிதாக ஒரு வண்டி வேண்டும் என்று கேட்டார்கள். வண்டி இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை. கிளை மேலாளர் குமாரசாமி பட்டியலில் விரலை நேராகக் காட்டுவலசு மத்தியான டிரிப்பில் வைத்தார்.

"ஒரே ஒரு பொம்பளைக்கு ஒரு பஸ்ஸுங்களா மேடம்? கல்யாணத்துக்கே அப்படி உடமாட்டாங்க."

"அந்தப் புள்ளைக்கு வேற வண்டி இல்லீங்க சார்."

"பேரென்னுங்க?"

இந்துமதி பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரி, போய்ப் பாருங்க. ஆள் இருந்தா டிரிப் இருக்கட்டும். இல்லீன்னா நாளையிலிருந்து டிரிப் கட்டு. நானே போன் பண்றேன்."

அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவர் அந்த வண்டியில் ஏறினார். டிரைவர் ஆத்தப்பன், கண்டக்டர் அப்துல் ரவூப். இருவரும் ரொம்ப காலமாக இந்த வழித்தடத்திலேயே இருப்பவர்கள். மாடியிலிருந்து மேடம் இறங்கி வந்ததில் இருவருக்கும் கூச்சம். காட்டுவலசில் கடைசி ஆளும் இறங்கி, டீ குடித்து, வண்டியைத் திருப்பியபோது உள்ளே இந்துமதி மட்டும் இருந்தார். காலியான வண்டிக்குத் தனிச் சத்தம் உண்டு. ஒவ்வொரு கண்ணாடியும் தனித்தனியாக அதிர்ந்தது. ஒரு கைப்பிடி ஆடுவதை நிறுத்திய பிறகு அடுத்தது ஆடத் தொடங்கியது.

சாலை ஆற்றோரமாகத் திரும்பியது. இருபக்கமும் விளைச்சல் நின்ற காடு வெளுத்துக் கிடந்தது, உப்புப் பூத்த சுவர் போல. தலையில்லாத தென்னைகள் வரிசை மாறாமல் நின்றன. கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிய பிறகு கரட்டுமேட்டில் குடும்பம் குடும்பமாகப் போய்விட்டார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். ஒரு வீடாவது மிஞ்சியிருக்கும் என்று நினைத்திருந்தார். மிஞ்சியிருந்தவை சுவர்கள். மூடிக்கிடக்கும் ஒரு சாயப்பட்டறை, அதன் கதவுக்குள் வளர்ந்து வெளியே வந்த வேலிக்காத்தான்.

ரவூப் விசில் அடிக்காமலே ஆத்தப்பன் வண்டியை நிறுத்தினார்.

கரட்டுமேடு பிரிவில் யாரும் இல்லை. மண் தடம் ஒன்று சாலையிலிருந்து இறங்கி வெள்ளைக் காட்டுக்குள் போயிற்று. ரவூப் படிக்கட்டுக்கு வந்தார், வெளியே பார்த்தார், பிறகு ஒருவருக்கு வழி விடுகிறவர் போல முதுகைக் கம்பியில் ஒட்டி ஒதுங்கி நின்றார். மெஷினில் பட்டனை அமுக்கினார். வந்த டிக்கெட்டைக் கிழித்து, இந்துமதிக்கு முன்னிருந்த மகளிர் இருக்கையின் ஜன்னல் இடுக்கில் செருகினார்.

"போலாம், ரைட்."

"ஏனுங் ரவூப் பாய், ஆருக்குங்க அந்த டிக்கெட்டு?"

ரவூப் மெஷினைத் துடைத்தார். "காலி வண்டி ஓட்டப்படாதுங்க மேடம்."

"அப்படின்னா?"

"இங்கிருந்து நால்ரோடு வரைக்கும் ஆத்தோரம். அத்தனை சீட்டும் காலியா இந்த வழி வரவேண்டாம், பேருக்கு ஒரு ஆளாச்சும் இருக்கட்டும்னு முன்ன ஓட்டுனவங்க சொல்லிட்டுப் போனாங்க. காசு இல்லாத டிக்கெட்டுதானுங்க, ஆருக்கும் நட்டமில்ல."

"எதுக்குன்னு நீங்க கேக்கலீங்களா?"

"கேக்கலீங்க. சொன்னவங்க மூஞ்சி கேக்கற மாதிரி இல்ல."

கண்ணாடியில் ஆத்தப்பனின் கண்கள் தெரிந்தன. "பாய் இதையெல்லாம் நம்பமாட்டாருங்க மேடம். ஆனா ஒரு நாளும் மறந்ததில்ல."

"நீ ரோட்டப் பாத்து ஓட்டப்பா. நிறுத்தறது ஆரு, நானா?"

சிரித்தார்கள். இந்துமதியும் சிரிக்கப் பார்த்தார். சிப்டுக்குப் போகும் பெண் இல்லை, டிபன் கேரியர் இல்லை. மாடியில் உட்கார்ந்து அவர் பார்த்த ஆள், இரண்டு பேரின் பழக்கம். நாளைக்கே டிரிப்பை நிறுத்திவிடலாம். நியாயமாக நிறுத்தத்தான் வேண்டும். நினைத்துப் பார்த்தால் வேனுக்கு நின்ற கூட்டத்தைவிடப் பெரிய தப்பு இது. அவர்களாவது இருந்தார்கள்.

அப்புறம்தான் அவருக்கு அது தோன்றியது.

"இன்னைக்குத்தான் வண்டி காலி இல்லீங்களே. நான் உக்காந்திருக்கறனே. இன்னைக்கு எதுக்குங்க நிறுத்துனீங்க?"

ரவூப் மெஷினைத் துடைக்கக் குனிந்துகொண்டார். கண்ணாடியில் இருந்த கண்களும் சாலைக்குத் திரும்பிக்கொண்டன. வெள்ளைக் காடு இரண்டு பக்கமும் ஓடியது. முன்னிருக்கை ஜன்னலில் டிக்கெட் காற்றில் படபடத்தது, பறக்கவில்லை.

கடைசியில் ஆத்தப்பன்தான் பேசினார், திரும்பாமல், குரலைத் தாழ்த்தி. "இன்னைக்கு மட்டும் ஏறாதீங்கன்னு அவங்ககிட்ட எப்படிங்க மேடம் சொல்றது?"

வண்டியின் மற்ற ஜன்னல்கள் எல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தன. அந்த ஒரு ஜன்னல் அதிரவில்லை என்று இந்துமதிக்குப் பட்டது. ஒருவேளை இடுக்கில் காகிதம் இருந்ததால் இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். முன்னிருக்கையின் சாய்மானத்தில் வைத்திருந்த தன் விரல்களை அவர் மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், முன்னால் உட்கார்ந்திருப்பவளின் பின்னல் மேல் கை பட்டுவிட்டதற்குக் கூச்சப்படுகிறவர் போல.

கைப்பேசி அடித்தது. குமாரசாமி.

"என்னங்க மேடம், கரட்டுமேடு தாண்டிட்டீங்களா? ராஜபாளையம் டிரைவர் இங்கயே நிக்கறார், ஒரு வார்த்த சொல்லுங்க. ஆள் இருக்குதா இல்லீங்களா?"

ரவூப் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். பொய் டிக்கெட் என்று ஒரு வார்த்தை போதும், அவருக்கு மெமோ வரும். ஆனால் இந்துமதி அவரைப் பார்க்கவில்லை. முன்னிருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். எழவில்லை.

"ஏறிருச்சுங்க சார்" என்றார். "எனக்கு முன் சீட்டுலதான் உக்காந்திருக்குது."

"அட! நெசமாலுமா? பேரு கேட்டீங்களா?"

"தூங்குதுங்க சார். பொறகு கேட்டுக்கறனுங்க."

போனை வைத்தார். ரவூப் பின்படிக்கட்டுக்குப் போனார். டிரிப் பிழைத்துவிட்டது. ராஜபாளையத்துக்கு வேறு எங்கிருந்தாவது ஆள் எடுக்க வேண்டும், எடுத்துவிடலாம்.

நால்ரோடு வந்தது. வெயிலில் காத்துக் கிடந்த கூட்டம் இரண்டு படிகளிலும் மோதி ஏறியது. சிப்டுக்குப் போகும் பெண்கள், இந்தியில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்த பையன்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி. நொடியில் வண்டி நிறைந்தது. யாரோ யாரையோ "கண்ணு, அக்கட்ட நகரு" என்றார்கள். கனத்த பை ஒன்றை இடுப்பில் வைத்திருந்த நடுத்தர வயதுப் பெண், முன்னிருக்கை முழுதும் காலியாக இருப்பதைக் கண்டு முகம் மலர்ந்து, ஜன்னலோரம் உட்காரக் குனிந்தார்.

அவர் உட்காருவதற்குள், பின்னாலிருந்து நீண்ட இந்துமதியின் கை அந்த இடத்தில் உள்ளங்கையை விரித்துப் படுத்திருந்தது.