ஊர்ப் பெயர் மட்டும் சொல்கிறவர்

குணசேகரனுக்கு போனில் ஊர்ப் பெயருக்கு மேல் பேச வராது. லாரி எங்கே நின்றாலும் ஒரு பூத்தைத் தேடிப் பிடித்து, திருத்தணியில் தன் வீட்டுக்கு எதிரே இருந்த ராஜகோபாலின் மளிகைக் கடைக்கு அடிப்பார். "குணா. ராஜமுந்திரி" என்பார். வைத்துவிடுவார். ராஜகோபால் கல்லாவை விட்டு எழாமலே தெருவுக்குக் குரல் கொடுப்பார்.

"மணியம்மை! உன் வூட்டுக்காரு ராஜமுந்திரில கீறாராம்!"

"அங்கியே ஒரு வூடு பாத்துக்கச் சொல்லுங்க!" என்று உள்ளேயிருந்து பதில் வரும். சொன்ன கையோடு மணியம்மை தெருவுக்கு வந்து, "குரல் நல்லா இருந்துச்சா?" என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போவாள்.

மகள் அனுராதா ஊர்களைக் கற்றதே ராஜகோபாலின் குரலில்தான். பள்ளிக்கூட வரைபடத்தில் விசாகப்பட்டினத்தைக் கண்டபோது, நைனா லாரியை நிறுத்திப் பல் தேய்க்கும் ஊர் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அந்த வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. வேலை தேடி அலைந்து, கடைசியில் அப்பா லாரி ஓட்டிய கம்பெனியிலேயே சேர்ந்தாள். அரக்கோணம் சாலை ஆபீசில் ஒரு பெரிய திரை. அதில் ஒவ்வொரு லாரியும் ஒரு பச்சைப் புள்ளி. ஒடிசா மலைக்காடுகளுக்கு சோலார் பம்பு ஏற்றிப் போகும் வண்டிகளின் தலையில் செயற்கைக்கோளோடு நேரே பேசும் கருவி இருந்தது. செல்போன் டவர் இல்லாத இடத்திலும் புள்ளி அணையாது. போட்டுக் கொடுத்த பாதையை விட்டு வண்டி விலகினால் புள்ளி சிவக்கும், மணி அடிக்கும்.

அப்பாவின் புள்ளி ராஜமுந்திரியில் நிற்பதை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் வரும். "அனு. ராஜமுந்திரி." அவளும் தெரியாதவள் போல, "ஆங், அப்படியா நைனா" என்பாள். இவ்வளவு படித்துவிட்டுத் தான் பார்ப்பதும் ராஜகோபால் பார்த்த வேலைதானோ என்று அவளுக்குச் சில நேரம் சந்தேகம் வரும். ஆனால் அந்தக் கடைக்குரல் கேட்டதும் ஓடிவந்த அம்மாவின் முகம், இந்தத் திரையைப் பார்த்து யாருக்கும் வரவில்லை.

ஒரு மத்தியானம் மல்கான்கிரியைத் தாண்டி அப்பாவின் புள்ளி சிவந்தது. வண்டி காட்டுக்குள் இறங்கி, எஞ்சின் அணைந்து நின்றது. போன் போகவில்லை. முதலாளி ஹரிஹரன் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, உங்க நைனா டீசல் கீசல் வித்துகினு இருக்காரா?"

"எங்க நைனா டீசல் வாசனையத்தான் சார் வூட்டுக்கு எடுத்துகினு வருவாரு. வேற எதுவும் எடுத்தது கெடையாது."

புள்ளி மறுபடி நகர்ந்து பாதைக்கு ஏறிய பிறகு போன் வந்தது. "அனு. மாத்திலி."

"அதுக்கு முன்னாடி எங்க நைனா இருந்தீங்க?"

அன்றுதான் அவர் போனில் முதன்முதலாக நீளப் பேசினார். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அந்த மலையிறக்கத்தில் லாரி கவிழ்ந்து அவர் இடுப்பு முறிந்தது. சுக்ரா என்பவர் தன் ஊர் ஆட்களோடு அவரைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி, மலை கடந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கைம்மாறாக ஒன்றும் வாங்க மறுத்தவர், அரைகுறைத் தெலுங்கில் ஒன்றுதான் கேட்டார். மகன் லைக்கன் உங்கள் ஊர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போனான், பேச்சுமூச்சே இல்லை, தேடி வீட்டுக்கு அனுப்பு. குணசேகரன் கையடித்துக் கொடுத்தார். அன்று வண்டியை இறக்கியதும் சுக்ராவின் ஊருக்குத்தான்.

லாரியை விட்டு இறங்கியதும் தூங்காமல், தன்னை சைக்கிள் கம்பியில் உட்காரவைத்து மணவூர், கனகம்மாசத்திரம் சூளைகளுக்கு அப்பா ஏன் கூட்டிப்போனார் என்பது அனுராதாவுக்கு அப்போது விளங்கியது. அவள் அதை ஊர் சுற்றல் என்றே நினைத்திருந்தாள். அவளுக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் கல் அறுப்பவர்களிடம் குனிந்து குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருப்பார்.

"ஆளே கிடைக்காதப்போ அங்க போய் இன்னா சொல்லுவீங்க?"

"இன்னும் ஆப்படலன்னு சொல்லுவேன். சொல்லாம தாண்டிப் போனா, மறந்துட்டான்னு நெனச்சுக்குவாரும்மா."

அந்தக் கிளைப்பாதையையும் வழியில் சேர்க்கலாமா என்று அனுராதா ஹரிஹரனிடம் கேட்டாள். "சரக்கு இன்ஷூரன்ஸ்ல கீதும்மா. பாதை மாறினா ஒரு பைசா தரமாட்டான். இன்னொரு வாட்டி மணி அடிச்சா ஸ்டியரிங்க வாங்கிடுவேன், யாரா இருந்தாலும்" என்றார் அவர். அவர் சொன்னதும் நியாயமாகவே பட்டது. அதுதான் அவளை வருத்தியது.

அதை அவள் அப்பாவிடமும் சொல்லியிருந்தாள். அடுத்த நடையில், "அனு. மல்கான்கிரி" என்றவர் போனை வைக்கவில்லை. போகாதீங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது.

"நானும் கேட்டதாச் சொல்லுங்க நைனா."

மணி அடித்தது. லாரி அவர் கையை விட்டுப் போனது.

அதன்பின் அவர் வண்டி ஓட்டவில்லை. சூளை எரியும் மாதங்களில் டி.வி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு பொதட்டூர்பேட்டை வரை தேடினார். போன ஆடிக் கிருத்திகைக்கு, தெருவெல்லாம் காவடிக் கூட்டமாய் இருந்த நாளில், காய்ச்சலில் இறந்துபோனார்.

லைக்கன் இன்னும் அகப்படவில்லை. மாத்திலிக்கு உள்ளே, அதைச் சொல்லவும் ஆள் வராமல் சுக்ரா காத்திருப்பார்.