மூடாத மூடி

கல்லூரி முடித்த வருடம் தட்டச்சு நிலையத்துக்குப் போனேன். வரி முடியப்போகும்போது இயந்திரத்துக்குள் ‘டிங்’ என்று ஒரு சின்ன மணி அடிக்கும். இதற்குமேல் போகாதே என்று முன்கூட்டியே சொல்லும் நாகரிகம் அதற்கு இருந்தது. இந்த வயதில், திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையை நடத்துகிறேன். இந்தத் தொழிலில் மணி எதுவும் அடிப்பதில்லை. எல்லை தாண்டிவிட்டோம் என்பது வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சின்னப் பெட்டி

சேவுகம்பட்டியில் மல்லிகை போடும் பெருமாள், ஒரு கேமிங் கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். கம்பெனியே முழுதாகப் பொருத்தி அனுப்பும் ரகம். மிட்டாய்ப் பெட்டிகள் நாலை அடுக்கினால் வரும் அளவுதான். உடன் வந்த மகள் சுகன்யா விளையாடுகிறவள் அல்ல; விளையாட்டுகளுக்கு வேண்டிய முப்பரிமாண உருவங்களைச் செய்கிறவள். சென்னைக் கம்பெனி ஒன்று அவளுக்குத் தேர்வு வைத்திருந்தது. வீட்டிலிருந்தபடியே ஒரு காட்சியைச் செய்து, தேர்வு நாளன்று சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். தேறினால் வேலை. பெட்டியோ பாதியில் உறைந்து நின்றுவிடுகிறது.

முதலில் ‘ராம்’ என்கிற நினைவகத்தைக் கூட்டிவிட்டோம். உருவங்களை வேகமாக வரைய உதவும் புது கிராஃபிக்ஸ் கார்டைப் பொருத்தப்போனால் இரண்டு விரற்கடை நீளம் அதிகம், உள்ளே இறங்கவில்லை. “பெருசா வாங்கியிருந்தா இந்த வம்பே இல்ல” என்றான் எங்கள் மெக்கானிக் சேவியர். சுகன்யா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டியைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தானாம். அவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: “நாளைக்கு வேலைக்குன்னு போனா பிள்ள தூக்கிட்டுப் போகணும்ல, லேசா இருக்கட்டும்னு எடுத்தேம்மா.”

சந்தனம், குங்குமம்

குட்டையான கார்டுக்குச் சொல்லிவிட்டு, விசிறி ஏன் கரகரக்கிறது என்று பார்த்தோம். காற்றுத் துளைகளில் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. குங்குமத்தை விசிறி உள்ளே இழுத்து, இறக்கைகளில் அப்பியிருந்தது. சேவியர் பிரஷ்ஷால் தட்டத் தட்ட மேஜை சிவந்தது. “நான்தான் வச்சேன். மூணு பக்கமும் வச்சேன்” என்றார் பெருமாள், பாராட்டை எதிர்பார்ப்பவர்போல. நான் சிரித்துவிட்டேன். என் சிரிப்பைக் கேட்டதும் சுகன்யா தலைகுனிந்துகொண்டாள். “அப்பா, செத்த நேரம் வாய மூடிக்கிட்டு இருங்கப்பா.”

மூடி

தேர்வுக்கு முந்தின நாள்தான் குட்டைக் கார்டு வந்தது. நீளம் சரி, தடிமன் அதிகம். வேலை ஓடியது, மூடி மட்டும் மூடவில்லை. “திறந்தே ஓட்டட்டும்க்கா, காத்தாவது போகும்” என்றான் சேவியர். நாம் எல்லோரும் செய்கிறதுதானே!

அன்று முழுக்க பெருமாளிடம் யாரும் ஒரு வேலையும் சொல்லவில்லை. சுவரோரமாகவே நின்றிருந்தார். அது எனக்கு உறுத்தியது. அவர்கள் கிளம்பும்போது, அவரிடம் ஏதாவது சொல்லவேண்டுமே என்று, “சூடேறாமப் பாத்துக்கங்க தம்பி” என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. “அத எங்கிட்ட விடுங்கம்மா. சூடு அண்டாமப் பாக்குறதுதான நம்ம பொழப்பே.”

ஈரத்துணி

மறுநாள் மத்தியானம் அவர் மட்டும் வந்தார். பெட்டியிலிருந்து கருகல் வாடை. உள்ளே மின்சுற்றுப் பலகைமேல் நீர் பட்ட தடம். சுகன்யா சாப்பிட எழுந்து போயிருக்கிறாள். அப்பா தொட்டுப் பார்த்திருக்கிறார், கொதித்திருக்கிறது. மொட்டு விரியாமலிருக்கப் பூக்கூடைமேல் போடுவதுபோல, ஈரத்துண்டை விரித்துவிட்டிருக்கிறார்.

சேவியர் திட்ட வாயெடுத்தான். கையைப் பிடித்து நிறுத்தினேன். திறந்த பெட்டியைக் கொடுத்தனுப்பியது நாங்கள். காவலுக்கு வைத்தது நான். எந்தச் சூட்டுக்கு என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெருமாள் என்னைக் குறை சொல்லவே இல்லை. பெட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: “நீங்க சொன்னபடிதாம்மா பாத்துக்கிட்டேன். நல்லாப் பிழிஞ்சுதான் போட்டேன்.”

மாட்டிக்கொடுத்த பொருளுக்கெல்லாம் உத்தரவாதம் எழுதிக் கொடுக்கும் எங்கள் தொழிலில், வாசல்வரை வந்து சொல்லும் புத்திமதிக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. சென்னை வேலை சுகன்யாவுக்குக் கிடைக்கவில்லை; கொடைரோட்டில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறாள்.